ஆற்றுக்குப் போன சத்தியபாமா

புதன்கிழமைப் பின்னேரங்களில் சத்தியபாமாவோடு யாரும் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தாலும் பதில் அரைகுறையாகத்தான் வரும் என்று அவளுடைய கணவன் குலேந்திரனுக்குத் தெரியும். நோர்வேயில், லோறென்ஸ்கூக்கில் ஒரு பல் வைத்தியரிடம் அவள் உதவியாளராக வேலை பார்த்தாள். விடிந்ததிலிருந்து பல் குடையும் இயந்திரத்தின் கீச்சு, எச்சிலை உறிஞ்சும் குழாயின் இரைச்சல், வாயைத் திறந்தபடி கண்ணால் மன்றாடுகிற மனிதர்கள். வேலை முடிந்து பஸ்ஸில் ஏறினாலும் அந்தக் கீச்சு ஒரு நுளம்பைப் போலக் காதோடு கூடவே வரும். ரொம்சோஸில் இறங்கி, வீட்டில் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, காட்டுப் பாதையில் நடந்து அந்தச் சிறிய ஏரிக்கரையில் போய்க் குந்தித் தூண்டில் தக்கையைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் அது அடங்கும்.

மகள் ஹம்சிகா படிப்பதற்காகத் தூரத்து நகரமான துரொண்ட்ஹைமுக்குப் போன இலையுதிர் காலத்தில் தொடங்கிய பழக்கம் அது. வீட்டில் இருக்க மனமில்லாமல் காட்டுக்குள் நடந்தவள், ஏரிக்கரையில் பத்துப் பன்னிரண்டு பேர் இடைவெளி விட்டு வரிசையாக உட்கார்ந்திருப்பதைக் கண்டாள். ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. ஆனால் சேர்ந்துதான் இருந்தார்கள். அப்படியும் மனிதர்கள் கூடியிருக்கலாம் என்பது அவளுக்குப் பெரிய அதிசயமாகப் பட்டது. நின்று பார்த்தவளிடம் யாரோ ஒரு தூண்டிற்கோலைக் கொடுத்தார்கள். அடுத்த கோடையில் அவள் அவர்களுடைய தூண்டில் கழகத்தின் உறுப்பினர். அதற்கடுத்த கோடையில் அவளை வெல்ல அங்கே ஆளில்லை.

கழகத்தின் போட்டி எளிமையானது. பிடிக்கிற மீன்களைத் தண்ணீருக்குள் தொங்கும் வலைப்பையில் உயிரோடு வைத்திருப்பார்கள். நேரம் முடிந்ததும் நிறுத்துப் பார்ப்பார்கள். பிறகு எல்லாவற்றையும் ஏரிக்கே விட்டுவிடுவார்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் குலேந்திரனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

"என்ரை மனிசி மீனுக்குச் சாப்பாடு போட்டு, வாயைக் குத்தி, நிறையைப் பாத்துப்போட்டு வீட்டை அனுப்பிவிடுறா" என்று கோயிலில் தெரிந்தவர்களிடம் சொல்வான். "பல்லு டொக்டரிட்டை வேலை செய்தால் உப்பிடித்தான் வரும்."

அவள் வென்றுவந்த கிண்ணத்தை அவன் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, அதற்குள் றிமோட்டைப் போட்டு வைத்தான். கேலிக்காகச் செய்தானா, மரியாதைக்காகச் செய்தானா என்று அவள் கேட்கவில்லை.

கிண்ணத்தை விட அவளுக்குப் பிடித்தது வேறொன்று. தண்ணீரில் தக்கையின் சிவப்பு முனை மட்டும் ஒரு தானியமணி அளவுக்கு வெளியே நிற்கும். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது யோசனைகள் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். முதலில் வேலை போகும், பிறகு சமையல், பிறகு துரொண்ட்ஹைம். கடைசியில் தன்னுடைய பெயரே யாரோ தூரத்தில் நின்று கூப்பிடுவது போல ஆகிவிடும். மரங்களின் நிழல் தண்ணீரில் நீளும். அந்தச் சிவப்பு முனை அமிழும்போது கைதான் முதலில் விழித்துக்கொண்டு கோலை உயர்த்தும். அவள் அதற்குப் பிறகுதான் விழிப்பாள். மீன் மேலே வந்துகொண்டிருக்கும்.

ரிஷிகேசன் அந்த வசந்தத்தில்தான் கழகத்தில் சேர்ந்தான். தமிழ்நாட்டுத் திருநெல்வேலிக்காரன், கணினி நிறுவனம் ஒன்றில் வேலை, பக்கத்து அம்மருட்டில் அடுக்குமாடி வீடு, முப்பத்தைந்து வயது. முதல் நாளே அவள் தமிழ் என்று கண்டுபிடித்துவிட்டான். தூண்டில் நூலை அவள் தங்கூசி என்று சொன்னதைக் கேட்டு ஒரு வாரம் சிரித்தான். அவள் அவனுடைய "சான்ஸே இல்ல"வைக் கேட்டு ஒரு மாதம் சிரித்தாள். மூன்று புதன்கிழமை தொடர்ந்து அவளிடம் தோற்ற பிறகு அவன் கேட்டான்.

"அக்கா, நீங்க ஏன் இங்கயே இருக்கீங்க?"

"எங்கை இருக்கிறது?"

"குளொம்மா ஆத்துல அடுத்த மாசம் ஓப்பன் மேட்ச் இருக்கு. பெரிய ஆளுங்க எல்லாம் வருவாங்க. சுவீடன்ல இருந்துகூட வருவாங்க. கார் என்கிட்ட இருக்கு. வாங்க, போயிட்டு வரலாம்."

"எனக்கு இந்த ஏரியே காணும், தம்பி."

சொன்னாளே தவிர, அன்றைக்குத் திரும்பி நடக்கும்போது அகலமான ஆறு ஒன்று மனதுக்குள் ஓடத் தொடங்கியிருந்தது. அடுத்த புதன்கிழமை அவளாகவே கேட்டாள். "உந்த ஆத்துக்கு எந்த நேரம் வெளிக்கிட வேணும்?"

குளொம்மா அவள் நினைத்ததைவிட அகலமாக இருந்தது. மறுகரையில் நின்ற மாடுகள் எறும்பு போலத் தெரிந்தன. கரையோரம் எழுபது பேருக்கு மேல், ஆளுக்கொன்றாக இலக்கம் போட்டு அடித்த முளைகள். யாருக்கு எந்த முளை என்பதைச் சீட்டு முடிவுசெய்யும். அடுத்தடுத்த முளைகளைச் சேர்த்துப் பிரிவுகளாக்கி, அந்தந்தப் பிரிவுக்குள் இடம் பார்ப்பார்கள். அவள் பையில் கைவிட்டு இழுத்த சீட்டைப் பார்த்து, பின்னால் நின்ற ஒருவர் தோளில் தட்டிப் பாராட்டினார். ஆறு வளைகிற, ஆழமான, எல்லாரும் ஆசைப்படும் இடமாம் அது.

அடுத்த முளையில் இருந்தவள் மாரித். ஐம்பது வயதுக்காரி, நரைத்த ஒற்றைப் பின்னல், ரயில் தண்டவாளம் பழுதுபார்க்கிற வேலை. தலையை ஆட்டி வணக்கம் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள்.

ஊதல் ஊதியதும் சத்தியபாமா ஏரியில் செய்வதையே செய்தாள். இரைமாவை உருட்டி எறிந்தாள், தக்கையைப் போட்டாள், பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் ஏரியில் நின்ற தக்கை இங்கே நிற்கவில்லை. நீரோட்டம் அதை இழுத்துப்போனது. காற்று நூலை வளைத்தது. அதற்குள் மாரித்தின் கோல் வளைந்தது. பலகை போலத் தட்டையான பெரிய பிராஸ்மெ மீன் ஒன்று அவளுடைய கைவலைக்குள் வந்து சேர்ந்தது. சற்று நேரத்தில் இன்னொன்று. சத்தியபாமா அவள் எவ்வளவு தூரத்தில் எறிகிறாள் என்று பார்த்துத் தானும் அவ்வளவு தூரம் எறிந்தாள். அவள் புழுவை மாற்றினால் இவளும் மாற்றினாள். அவள் நிறைய மாவு எறிவதாகத் தோன்றியதும் இவள் அதைவிட நிறைய எறிந்தாள். மத்தியானத்துக்குப் பிறகு தன் முன்னால் இருந்த ஆற்றில் என்ன நடக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாமல் போனது.

நிறுக்க வந்தவர்கள் அவளுடைய வலைப்பையைத் தூக்கினார்கள். நாலைந்து சின்ன மீன்கள் அடியில் ஒட்டிக்கிடந்தன. எழுதிக்கொண்டவர் முகத்தில் எதையும் காட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கூடுதலாகச் சுட்டது. அவளுடைய பிரிவில் அவள் கடைசி.

சாமான்களை அடுக்கிக்கொண்டிருந்த மாரித்திடம் போய் நொஸ்க் மொழியில் நேராகவே கேட்டாள். "நான் என்ன பிழை விட்டேன்?"

மாரித் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீ நாள் முழுக்க என் தக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்."

சத்தியபாமாவுக்கு முகம் சூடேறியது. களவு எடுத்துப் பிடிபட்டவள் போல நின்றாள்.

"கோபத்தில் சொல்லவில்லை" என்றாள் மாரித். "எல்லாரும் முதலில் அதைத்தான் செய்வார்கள். ஓகஸ்ட் கடைசியில் இதே ஆற்றில் இன்னொரு போட்டி. விருப்பமென்றால் வந்து என் பின்னால் இரு. கோல் கொண்டுவராதே."

காரில் வரும்போது ரிஷிகேசன் ஏதேதோ ஆறுதல் சொன்னான். அவள் வயல்களையும் வைக்கோல் உருளைகளையும் பார்த்துக்கொண்டு வந்தாள். வீட்டில் குலேந்திரன் வாசலிலேயே நின்றான்.

"என்ன மாதிரி?"

"கடைசி."

கேலி ஏதோ அவன் நாக்கு நுனிவரை வந்தது அவளுக்குத் தெரிந்தது. அவன் அதை விழுங்கிவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனான்.

ஓகஸ்ட் கடைசியில் மழை பெய்தது. மாரித்தின் பெரிய குடைக்குப் பின்னால் ஒரு சின்ன முக்காலியில் சத்தியபாமா மழைச்சட்டையோடு இருந்தாள். கைகளுக்கு வேலை இல்லை. அதனால் கண்ணுக்கு வேலை கிடைத்தது. ஊதல் ஊதுமுன் கிடைத்த நேரத்தில் பெரும்பகுதியை மாரித் ஆழம் பார்க்கவே செலவழித்தாள். நூலில் ஈயக்குண்டைக் கட்டி இங்கே இறக்கினாள், அங்கே இறக்கினாள், ஒரு முழம் தள்ளி இறக்கினாள். கலங்கிய தண்ணீருக்கு அடியில் எங்கே பள்ளம், எங்கே மேடு, எங்கே வழுக்கிச் சரிகிறது என்று அவளுடைய விரல்கள் தேடிக்கொண்டிருந்தன. மாவையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போட்டாள். மீன் கடிப்பது நின்றபோது சத்தியபாமாவாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றியிருப்பாள். மாரித் தக்கையை ஒரு விரலளவு மேலே தள்ளினாள், அவ்வளவுதான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இன்னொரு விரலளவு தள்ளினாள். மீன் திரும்பி வந்தது.

குடையில் மழை விழுகிற சத்தத்தில் சத்தியபாமாவுக்குக் கண் சொருகியது. தூக்கமுமில்லை, விழிப்புமில்லை. அந்த நிலையில் ஆற்றின் அடித்தளம் ஒரு வீதி போல அவளுக்குத் தெரிந்தது. மங்கலான வெளிச்சத்தில், பெரிய மீன்கள் கோயில் வீதியில் நடக்கிற சனம் மாதிரி அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தன. சில நின்று எதையோ முகர்ந்து பார்த்தன. சில திரும்பிப் பார்க்காமல் போயின.

"நித்திரையா?" என்று மாரித் திரும்பாமலே கேட்டாள்.

"இல்லை. கீழே பார்க்கிறேன்."

மாரித் சிரித்தாள். அன்று அவள் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தாள். இடம் மோசமானது என்றும், இதற்குமேல் அந்த இடத்தில் முடியாது என்றும் சந்தோசமாகவே சொன்னாள். பெரிய போட்டிகளில் எல்லாரையும் வெல்லத் தேவையில்லை, பிரிவில் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முன்னால் நின்றால் புள்ளி தானாகச் சேரும் என்பது சத்தியபாமாவுக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

குளிர்காலம் வந்து தண்ணீரையெல்லாம் பூட்டியது. அவள் குசினி மேசையில் இருந்து, இமைமயிர் அளவான சின்னத் தூண்டில்களைத் தங்கூசியில் கட்டிப் பழகினாள். ஏப்ரலில் பனி உருகத் தொடங்கியதும் புழு வாங்கி வந்து குளிர்ப்பெட்டியில் வைத்தாள். மறுநாள் காலை குலேந்திரன் போட்ட சத்தம் கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

"சம்பலுக்குப் பக்கத்திலை புழு! இஞ்சாரும், இது மனிசர் இருக்கிற வீடோ?"

"மூடித்தானே வைச்சனான்."

"மூடியை அதுகள் திறந்துபோட்டுதுகள்!"

அந்தக் கிழமையே நிலக்கீழ் அறைக்கு ஒரு பழைய குட்டிக் குளிர்ப்பெட்டி வந்து சேர்ந்தது. சுமந்து இறக்கியவன் அவன்தான்.

வசந்தம் முழுக்க வேலை முடிந்த பின்னேரங்களில் அவளும் ரிஷிகேசனும் ஆற்றுக்குப் போனார்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடம். தெரியாத தண்ணீருக்குப் பழக வேண்டும் என்பது அவள் போட்ட சட்டம். இன்னும் பல சட்டங்கள் போட்டாள். மாவு போட வேண்டிய நேரத்துக்குத் தொலைபேசியில் மணி அடிக்க வைத்தாள். இத்தனை தடவை எறிந்தும் மீன் வராவிட்டால் ஆழம் மாற்ற வேண்டும் என்று கணக்கு வைத்தாள். முயற்சியில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் மீன் குறைந்துகொண்டே வந்தது. தக்கை அசையாதபோதே கோலை உயர்த்தினாள். உண்மையாக அமிழும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டீங்களே" என்றான் ரிஷிகேசன். "முன்னாடி எல்லாம் நீங்க தூண்டில் போட்டா பாட்டு கேக்கிற மாதிரி உக்காந்திருப்பீங்க. இப்ப பரீட்சை எழுதுற மாதிரி இருக்கீங்க."

"கனவு கண்டுகொண்டு இருந்தபடியால்தான் கடைசியாய் வந்தனான்."

"அன்னைக்கு நீங்க கனவே காணலைக்கா. அந்தம்மாவைத்தான் பாத்துட்டு இருந்தீங்க."

அவள் குனிந்து மாவைப் பிசைந்தாள். ஆனால் அந்தச் சொல் மனதுக்குள் ஒரு முள்ளுப் போலக் குத்தியபடி இருந்தது.

மே மாதக் கடைசியில் ஒருநாள் ரிஷிகேசனுக்குக் காய்ச்சல். குலேந்திரன் அவளைக் காரில் கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டான். காருக்குள் கொஞ்சம் தூங்கினான். பிறகு எழும்பி வந்து அவளுக்குப் பக்கத்தில் புல்லில் இருந்தான். அவளுடைய தொலைபேசி அடித்தது. "பிள்ளை எடுக்கிறாள்" என்று அவன் அதை எடுத்துக் கதைத்துக்கொண்டே கரையோரமாக நடந்து போய்விட்டான். ஹம்சிகாவோடு கதைக்கத் தொடங்கினால் அவனுக்கு நேரம் தெரியாது.

மணி அடிக்க அங்கே எதுவும் இல்லை. வெளிச்சம் சாய்ந்து ஆறு முழுவதும் தேன் நிறமாகியிருந்தது. மறுகரைப் பீர்ச் மரங்களின் புதுத் துளிர்கள் தண்ணீருக்குள் தலைகீழாக ஆடின. சத்தியபாமா தக்கையைப் பார்த்தாள். வேலை கழன்றது. சட்டங்கள் கழன்றன. எல்லாம் போன பிறகும் ஆறு மட்டும் போகவில்லை. ஆழத்தைத் தேடிய விரல்களுக்கு அந்தப் பள்ளமும் சரிவும் நினைவிருந்தன. தக்கையின் முனை ஒரு மயிரிழை சாய்ந்தால், கீழே நீரோட்டம் மாறியிருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. பசித்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வது போல, மாவு போட வேண்டிய நேரமும் தெரிந்தது. கை தானாகப் போட்டது. சிவப்பு முனை அமிழ்ந்தது. மீன். பிறகு இன்னொன்று.

குலேந்திரன் திரும்பி வந்து எவ்வளவு நேரம் பின்னால் நின்றான் என்று அவளுக்குத் தெரியாது.

"நீர் இருந்த இருப்பைப் பாத்து, கூப்பிடப் பயமாய்க் கிடந்தது" என்றான்.

"ஏன்?"

"எங்கையோ தூரத்திலை நிண்டியள் மாதிரி." மரியாதை கூடிவிட்டதை அவனே கவனிக்கவில்லை. வலைப்பைக்குள் எட்டிப் பார்த்தான். "உவ்வளவையும் விடப்போறியளோ?"

"ஓம்."

"ஒண்டைக்கூடப் பொரிக்க ஏலாதோ?"

"எலும்புதான் கிடக்கும்."

அவன் பெருமூச்சு விட்டு, வலைப்பையின் மறுபக்கத்தைப் பிடித்துச் சாய்க்க உதவினான். மீன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பித் தேன் நிறத்துக்குள் கரைந்து போயின. அவன் கடைசி மீன் போகும்வரை குனிந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

யூன் மாதம் குளொம்மாவில் மறுபடி போட்டி. போன வருடத்தைவிடப் பெரிய கூட்டம். அவள் இழுத்த சீட்டைப் பார்த்த ஒருவர் உதட்டைப் பிதுக்கினார். கோரைப் புல் அடர்ந்த கடைசி மூலை, முழங்கால் ஆழம், பெரிய மீன் எட்டிப் பார்க்காத இடம். மாரித் அதே பிரிவில், நல்ல ஆழத்தில். ரிஷிகேசனுக்கு வேறு பிரிவு.

"வேற சீட்டு கேட்டுப் பாக்கலாமாக்கா?" என்று அவன் பகிடியாகக் கேட்டான்.

"பேசாமல் போம், தம்பி."

அவள் ஈயக்குண்டை இறக்கினாள். எங்கும் ஒரே ஆழம்தான், ஆனால் கோரையிலிருந்து இரண்டு கோல் தூரத்தில் ஒரு சின்ன வாய்க்கால் போலப் பள்ளம் ஓடியது. அதற்குள் விரல் நீளமான வெள்ளி மீன்கள் இருந்தன. அவை பெரிய மீன் தேடி வந்தவர்கள் மதிக்காத மீன்கள். ஊதல் ஊதியது. அவள் சின்னத் தூண்டிலில் ஒற்றைப் புழுவைக் கோர்த்துப் போட்டாள். ஒரு சிட்டிகை மாவு, ஒரு மீன். ஒரு சிட்டிகை மாவு, ஒரு மீன். வலப்பக்கத்தில் யாரோ ஆரவாரம் செய்தார்கள், பெரிய மீனாக இருக்கும். அந்தச் சத்தம் அடுத்த ஊரில் மேளம் அடிப்பது போலக் கேட்டு மறைந்தது. வெயில் கோரைகளுக்குள் புகுந்து தண்ணீரில் வரி வரியாக விழுந்தது. ஒரு நீலத் தும்பி தூண்டிற்கோலின் நுனியில் வந்து இருந்தது. அவள் அதைப் பார்த்தாள், தக்கையையும் பார்த்தாள். இரண்டுக்கும் அவளுக்குள் இடமிருந்தது. தும்பி பறந்த கணத்தில் முனை அமிழ்ந்தது.

முடிவுக்குக் கொஞ்சம் முந்தி வேறொன்று கடித்தது. கோல் அரைவட்டமாக வளைந்தது. பாரமான, நிதானமான இழுவை. அந்த மூலைக்கு வரவே வராது என்று சொன்ன பிராஸ்மெ. அவள் மெல்ல மெல்லக் கரைக்குக் கொண்டுவந்தாள். வெண்கல நிறத்தில் அதன் முதுகு தெரிந்தது. கைவலையை நீட்டினாள். அந்த இமைமயிர்த் தூண்டில் கழன்றது. மீன் ஒரு கணம் அப்படியே நின்றது, தானும் நம்பாதது போல. பிறகு போய்விட்டது.

அவள் வெறும் கைவலையை இழுத்துக்கொண்டாள். அந்த ஒரு மீனின் நிறை அவளுக்கு மனக்கணக்கில் தெரியும். அழுகை வரும்போல இருந்தது. பிறகு ஒரு சிட்டிகை மாவை எடுத்துப் போட்டாள். பள்ளத்தில் வெள்ளி மீன்கள் இன்னும் இருந்தன.

பிரிவில் அவள் இரண்டாவது. மாரித் முதலாவது. அந்தப் பிராஸ்மெ வலைக்குள் வந்திருந்தால் மாறியிருக்கும் என்று ரிஷிகேசன் திரும்பத் திரும்பச் சொன்னான். அவன் பிரிவில் அவன் ஒன்பதாவது. அவனுக்கு அவள்மேல் பொறாமை என்று அவனே சொல்லிச் சிரித்தான்.

மாரித் பாராட்டுக்கெல்லாம் நேரம் எடுக்கவில்லை. "எங்கள் அணியில் ஒருவர் பேர்கனுக்கு மாறிப் போகிறார்" என்றாள். "செப்டெம்பரில் டென்மார்க்கில் இரண்டு நாள் போட்டி. உனக்கு லீவு கிடைக்குமா?"

லீவு கிடைத்தது. டென்மார்க்கில் அந்த அணி நடுத்தரமாகத்தான் வந்தது. முதல் நாள் சத்தியபாமா சறுக்கினாள், தெரியாத வாய்க்கால், பச்சைத் தண்ணீர், அடியெல்லாம் சேறு. இரண்டாம் நாள் தன் பிரிவில் நாலாவது. அணிக்கு அந்த நாளில் கிடைத்த ஆகச் சிறந்த இடம் அதுதான். இப்போது அவளுக்கு வருடத்தில் பாதி வாரக்கடைசிகள் எங்காவது ஒரு கரையில்தான். சில இடங்களில் வெல்கிறாள், பல இடங்களில் இல்லை. குலேந்திரன் வாகனம் ஓட்டிவருவதும் உண்டு. மீன் நிறுக்கும்போது முன்னால் போய் நின்றுகொண்டு, நோர்வேஜியர்களுக்கு மீன்குழம்பைப் பற்றி விளக்குகிறான்.

டென்மார்க்கின் அந்த இரண்டாம் நாள் காலையை அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். வாய்க்கால் முழுக்கப் பனிப்புகார். சீட்டுக் கொடுக்கிறவர் அவளுடைய பெயரை வாசிக்கப் பார்த்து, முதல் பாதியில் நின்று, மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு நிமிர்ந்தார். அவள் கையை உயர்த்தினாள். சீட்டை வாங்கிக்கொண்டு, சாமான் வண்டிலைத் தள்ளியபடி புகாருக்குள் நடந்தாள். முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக வெண்மைக்குள் மறைந்தார்கள். சில்லுகளின் சத்தம் மட்டும் கேட்டது. இடப்பக்கத்தில் தண்ணீர் இருப்பது தெரியவில்லை, ஆனால் அதன் குளிர்ச்சி கன்னத்தில் பட்டது. தன்னுடைய முளை இன்னும் எவ்வளவு தூரம் என்று அவள் யாரையும் கேட்கவில்லை. அப்படியே நடந்துகொண்டிருக்க அவளுக்கு விருப்பமாக இருந்தது.